அன்செல் வருவதற்கு முன் கேமராவே கிடையாதாம்!

டெமோதாசன்:
பக்கத்து இழையில் பிக்சல்பித்தன் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "கேம் உலகத்துக்குள் நிஜமான கேமரா என்று ஒன்று வந்ததே 2016-ல் என்விடியாவின் படம் எடுக்கும் கருவியான அன்செல் வந்த பிறகுதான். அதற்கு முன் இருந்ததெல்லாம் வெறும் ஸ்கிரீன்ஷாட்." அதற்குக் கீழே வரிசையாக லைக் வேறு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. குவேக் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் 1996-ல் வந்தது. அதே வருடம் ரேஞ்சர்ஸ் என்ற குழு அந்த ஆட்டத்துக்குள்ளேயே 'டயரி ஆஃப் எ கேம்பர்' எடுத்தது. இரண்டு நிமிடம்கூட ஓடாத படம். ஆனால் அதில் நாம் எந்த ஆட்டக்காரரின் கண் வழியாகவும் பார்ப்பதில்லை. பார்வை தனியாக நிற்கிறது. அது கேமரா இல்லையென்றால் வேறு என்ன என்று பித்தன் சொல்லட்டும்.

பிக்சல்பித்தன்:
வாங்க அண்ணே, குவேக் என்று யாராவது முணுமுணுத்தால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவீர்கள். அன்செல்லில் ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். கேமராவைப் பிரித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய், சாய்த்து, கோணத்தை விரித்து எடுக்கலாம். திரையின் அளவு ஒரு தடையே இல்லை. காட்சியைத் துண்டு துண்டாக ரெண்டர் செய்து ஒட்டி கிகாபிக்சல் கணக்கில் படம் தரும். வந்த புதிதில் 360 டிகிரியும் எடுத்தது. உங்கள் ரேஞ்சர்ஸ் வெளியிட்டது ஒரு டெமோ ஃபைல், ஆட்டத்தின் பதிவு. அதைப் பார்க்க குவேக் வேண்டும். குவேக் இல்லாதவன் கையில் அது ஒன்றுமே இல்லை. பார்க்கவே முடியாததைப் படம் என்கிறீர்கள்.

டெமோதாசன்:
டெமோ ஃபைலை ஒருநாளாவது பிரித்துப் பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டீர்கள். அதில் வீடியோ இல்லைதான். சர்வர் ஆட்டக்காரரின் கணினிக்கு அனுப்பிய செய்திகள்தான் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தொகுப்பிலும் முதலில் செய்தியின் நீளம், அடுத்து பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று மூன்று கோண எண்கள், அப்புறம் செய்தி. அவ்வளவுதான். உவே கிர்லிக் என்பவர் எழுதிய எல்எம்பிசி என்ற கருவி இதையெல்லாம் சாதாரண எழுத்தாக மாற்றிக் கொடுத்தது. அந்த எழுத்தில் பார்வை நிற்கும் இடத்தையும் கோணத்தையும் மாற்றிவிட்டுத் திரும்ப டெமோவாக்கலாம். அதாவது எல்லாம் நடந்து முடிந்த பிறகு கேமராவைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கலாம். 1997-ல் 'குவேக் டன் க்விக்' குழு இதைத்தான் செய்தது. முழு ஆட்டத்தையும் இருபது நிமிடத்துக்குள் ஓடி முடித்தார்கள், பிறகு அதே ஓட்டத்துக்கு வெளியிலிருந்து கேமரா வைத்துப் படமாகவும் கொடுத்தார்கள். நேற்று நடந்ததை இன்று வேறு கோணத்தில் எடுக்க உங்கள் அன்செல்லுக்கு வழி உண்டா? ஆட்டத்தைச் செய்தவர்களே அதற்கு இடம் கொடுத்தால்தான் வேலை செய்யும், அதுவும் என்விடியா கார்டு வாங்கியவர்களுக்கு மட்டும்.

பிக்சல்பித்தன்:
இவ்வளவு நீளமாக எழுதியும் கேட்டதற்குப் பதில் வரவில்லை. குவேக் இல்லாமல் அந்த ஃபைலைத் திறந்து காட்டுங்கள்.

ஸ்டீம்செல்வம்:
இரண்டு பேருமே கணினியை விட்டு வெளியே வர மாட்டீர்கள் போல. 'ரெட் வெர்சஸ் ப்ளூ' என்ற இணையத் தொடர் 2003-ல் எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் ஹேலோ ஆட்டத்தை வைத்து எடுத்தது. ஆட்டத்தை நிறுத்திப் படம் எடுக்கும் ஃபோட்டோ மோடும் இல்லை, டெமோவும் இல்லை. ஒரு ஆள் கேமராமேனாக நிற்பார், அவர் பாத்திரத்தின் கண்தான் கேமரா. திரையில் அவருடைய துப்பாக்கியும் எண்களும் தெரியும் என்று மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தார்கள். நடிப்பவர்கள் பேசும்போதெல்லாம் அவர்கள் துப்பாக்கி எதிராளியைக் குறிவைத்தபடி இருக்கும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தால், ஆட்டத்தில் இருந்த ஒரு பிழையால் தலை மட்டும் நேராக நிமிர்ந்து தெரியும். ஹேலோவைச் செய்த பஞ்ஜி நிறுவனம் இதைக் கவனித்து 2004-ல் ஹேலோ 2-வில் ஆயுதத்தைத் தாழ்த்துவதற்கென்றே வசதி வைத்தது. படம் எடுப்பவர்களுக்காக ஒரு நிறுவனம் ஆட்டத்தையே மாற்றியதே, இதைவிடப் பெரிய கருவி எது?

டெமோதாசன்:
செல்வம், அது ஆட்டக்காரரின் கண். நான் பேசுவது யார் கண்ணிலும் ஒட்டாத கேமராவைப் பற்றி. ஹேலோவுக்கு அது 2007-ல் மூன்றாம் பாகத்தில் தியேட்டர் என்று வந்தது. அதுவும் ஆட்டத்தைத் தரவாகச் சேமித்து, பிறகு கேமராவை அலையவிடுவதுதான். ஜிடிஏ 5 ஆட்டத்துக்குக் கணினியில் 2015-ல் ராக்ஸ்டார் எடிட்டர் என்ற படமெடுக்கும் வசதி வந்தது. அதுவும் அதே வேலைதான், அன்செல்லுக்கு ஒரு வருடம் முன்பே. எல்லாவற்றுக்கும் வழி போட்டது 1996.

ஸ்டீம்செல்வம்:
ராக்ஸ்டார் எடிட்டரில் கேமராவை நாயகனை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனாலே நின்றுவிடும். அதில் ஒரு காட்சியாவது எடுத்துப் பார்த்தவர் அதை உதாரணம் காட்ட மாட்டார்.

டெமோதாசன்:
எடுத்துத்தான் சொல்கிறேன். எல்லை இருந்தாலும் கேமரா கேமராதான். பித்தன் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கயல்:
நிறுத்தி வைத்த உலகத்தை எடுப்பதையும் முடிந்துபோனதைத் திரும்ப ஓட்டி எடுப்பதையும் வைத்து இவ்வளவு சண்டையா? செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்துக்கு வாருங்கள். அங்கே நமக்காக யாரும் உலகத்தை நிறுத்த மாட்டார்கள். எதிரில் இருப்பவர் நிஜ மனிதர், தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார். 2003-ல் தொடங்கிய உலகம் அது. அதை நடத்தும் லிண்டன் லேப், அந்த உலகத்துக்குள் நுழைய உதவும் வியூவர் என்ற மென்பொருளின் சோர்ஸ் கோடை 2007 ஜனவரியில் திறந்துவிட்டது. அதன் பலன்தான் ஃபயர்ஸ்டார்ம் என்ற வியூவரில் வந்த ஃபோட்டோடூல்ஸ். நிழல், வெளிச்சம், ஃபோகஸ் ஆழம் எல்லாம் ஒரே பலகையில் கைக்கு எட்டும். அப்புறம் பிளாக் டிராகன், படம் எடுப்பவர்களை மனதில் வைத்தே செய்த வியூவர். ஸ்பேஸ்நேவிகேட்டரை, அந்தக் குமிழ் மாதிரியான முப்பரிமாண மவுஸை, இடது கையில் பிடித்துக்கொண்டு கேமராவை மிதக்கவிடும்போது விரல் கொஞ்சம் அழுத்தினாலும் காட்சி குலுங்கும். அதைப் பழகினவர்களுக்குத்தான் தெரியும் கேமரா என்றால் என்னவென்று. அந்த வியூவர்கள் எல்லாமே பயனர்கள் தாங்களே செய்துகொண்டது.

பிக்சல்பித்தன்:
கயல் அக்கா எடுப்பதையாவது கண்ணால் பார்க்க முடிகிறது. அண்ணனுடையதற்கு குவேக் வேண்டும்.

டெமோதாசன்:
கயல், செகண்ட் லைஃபின் மிதக்கும் கேமராவுக்கு மூத்தது எது? பார்வையை ஆளிலிருந்து பிரித்ததுதானே? அது எப்போது நடந்தது? 1996. திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறீர்கள்.

கயல்:
எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கொண்டுபோய்க் கட்டுவது உங்களுக்கு எப்போதும் வழக்கம்தான். மெய்நிகர் உலகமான விஆர்சாட்டில் விஆர்சிலென்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ஜூம், ஃபோகஸ், அபெர்ச்சர் எல்லாம் அவதாரின் கையிலேயே இருக்கும். 2022-ல் சண்டான்ஸ் விழாவுக்குப் போன 'வீ மெட் இன் விர்ச்சுவல் ரியாலிட்டி' முழுக்க முழுக்க விஆர்சாட்டுக்குள் எடுத்த ஆவணப்படம். அதை எடுத்தவர் மனிதர்கள் நடுவில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோண எண்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

டெமோதாசன்:
கோண எண்களைத் திருத்துவது கேவலமான வேலையா? அந்த எண்களைத் திருத்தித்தான் ஒரு கலையே பிறந்தது. ஆட்டத்துக்குள் எடுக்கும் படங்களுக்காக ஹியூ ஹான்காக் 2000-ல் மெஷினிமா தளத்தைத் தொடங்கியபோது அதன் முதுகெலும்பே குவேக் படக்காரர்கள்தான்.

ஸ்டீம்செல்வம்:
ஃபோட்டோ மோடு என்றால் 2004-ல் வந்த கார் பந்தய ஆட்டம் கிரான் டுரிஸ்மோ 4. காரை நிறுத்தி, ஃபோகஸ் பார்த்து எடுத்து, எப்சன் பிரிண்டரில் மாட்டி அச்சே போடலாம். அதையும் இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. கன்சோல் என்றாலே இங்கே இளக்காரம். இந்தத் தளத்தில் நடந்த படப்போட்டியிலேயே என் படத்தை "கன்சோலில் எடுத்தது, தரம் போதாது" என்று தூக்கினார்களே.

பிக்சல்பித்தன்:
அந்தப் படத்தில் ஓரத்தில் வேகமானி தெரிந்தது, அதனால்தான் தூக்கினார்கள்.

ஸ்டீம்செல்வம்:
வேகமானி தெரியவே இல்லை. மூலப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, இன்று இரவே போடுகிறேன்.

டெமோதாசன்:
போட்டி விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள் செல்வம். இங்கே பித்தன் பதில் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது.

ஸ்டீம்செல்வம்:
உங்கள் இழையாக இருந்தால் என்ன, இங்கேயேதான் போடுவேன். அந்தப் போட்டிக்கு நடுவராக இருந்ததே நீங்கள்தானே.