அநியாய வட்டிக்கும் கொள்ளை விலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதுமா?

பனையோலை:
அநியாய வட்டி, கொள்ளை விலை இரண்டையும் கண்டித்து ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். ‘ஹை’, ‘டூ மச்’ எல்லாம் சப்பென்று இருக்கின்றன. அகராதியில் ‘யூஷூரியஸ்’ என்றொரு சொல் கிடைத்தது. விலைக்கும் அதையே போடலாமா? எப்படி உச்சரிப்பது?

சொற்கிடங்கு:
வட்டிக்குத் தாராளமாகப் போடலாம். விலைக்கு வேண்டாம் என்பேன். தவறு என்று அடித்துச் சொல்ல முடியாது, விலைக்குப் போடுபவர்களும் உண்டு. ஆனால் படிப்பவர் மனம் நேராகக் கடனுக்குத்தான் போகும். ரேட், இன்ட்ரஸ்ட், லோன், டெர்ம்ஸ் ஆகியவைதான் அதன் இயல்பான துணைச்சொற்கள்.

காரணம் வேரில் இருக்கிறது. லத்தீனில் ‘யூஸூரா’ என்றால் பயன்படுத்துதல். பிறகு, பிறர் பணத்தைப் பயன்படுத்தியதற்குக் கொடுக்கும் தொகை. ‘யூஸ்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். இடைக்கால ஐரோப்பாவில் ‘யூஷரி’ என்றாலே வட்டி, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. திருச்சபை அதைப் பாவம் என்றது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்து 1545ஆம் ஆண்டுச் சட்டம் 10 சதவீதம் வரை வட்டி வாங்க இடம் கொடுத்தது. 1552இல் அது ரத்தாகி 1571இல் திரும்ப வந்தது. வரம்பு படிப்படியாக 5 சதவீதத்துக்கு இறங்கி, 1854இல் அந்தச் சட்டங்களே நீக்கப்பட்டன. வரம்பு என்று ஒன்று வந்த பிறகுதான் ‘யூஷரி’ வரம்பு மீறிய வட்டியை மட்டும் குறிக்கத் தொடங்கியது. அதனால் பழைய நூலில் இச்சொல்லைப் பார்த்ததும் ‘கடுவட்டி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். வெறும் வட்டியாகவும் இருக்கலாம்.

மெய்ப்புநோக்கி:
உச்சரிப்பு: நடுவில் வருவது ‘மெஷர்’, ‘ப்ளெஷர்’ சொற்களில் கேட்கும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை, ‘ஷ’வை வைத்து ஒப்பேற்றுகிறோம். ‘யூஷரி’யில் அழுத்தம் முதல் அசையில், ‘யூஷூரியஸ்’ஸில் இரண்டாம் அசையில். எழுத்துக்கூட்டலில் ‘யு’ மூன்று முறை வரும். நடு ‘யு’வைத்தான் பலர் விழுங்குகிறார்கள்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை இன்னொன்று. உயிரெழுத்தில் தொடங்குகிறதே என்று முன்னால் ‘ஆன்’ போடுகிறார்கள். ஒலி ‘யூ’ என்பதால் ‘எ யூஷூரியஸ் ரேட்’ என்பதே சரி. ‘யூஸர்ப்’ வேறு சொல்: ஆட்சியையோ உரிமையையோ பறித்துக்கொள்வது.

தச்சன்:
விலைக்கு ‘எக்ஸார்பிடன்ட்’ பாதுகாப்பான தேர்வு. லத்தீன் ‘ஆர்பிட்டா’ என்பது வண்டித்தடம். தடத்தை விட்டு விலகிப்போனது என்பது மூலப்பொருள். வட்டிக்கும் விலைக்கும் பொதுவாக ஒரே சொல் வேண்டுமானால் இதையே எடுங்கள். ‘எக்ஸ்டார்ஷனேட்’ இன்னும் காரமானது. அதன் வேர் முறுக்குதல், கையை முறுக்கிப் பிடுங்குவதுபோல. மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றத்தின் பெயரும் அதே வேர் என்பதால், தனி ஒருவரைச் சுட்டி எழுதும்போது கவனம்.

தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி விலையேற்றுவது ‘ப்ரைஸ் கவ்ஜிங்’. ‘கவ்ஜ்’ என்பது மரத்தைக் குடையும் வளைவுளி, பொருத்தமான உருவகம். ‘அன்கான்ஷனபிள்’ நீதிமன்ற வாடை அடிக்கும் சொல், மனசாட்சிக்கு ஒவ்வாத ஒருதலை ஒப்பந்தத்துக்கு.

பனையோலை:
நன்றி. அப்படியானால் ‘5 வட்டி’யை ‘யூஷூரியஸ் 5 பர்சென்ட் இன்ட்ரஸ்ட்’ என்று எழுதலாம், இல்லையா?

சொற்கிடங்கு:
கூடாது. நம் பேச்சில் ‘5 வட்டி’ என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு 5. ஆங்கிலத்தில் காலம் சொல்லாமல் பர்சென்ட் என்றால் ஆண்டுக்கணக்காகவே எடுத்துக்கொள்வார்கள். 5 சதவீதத்துக்கா இவ்வளவு கோபம் என்பார்கள். ‘பர் மன்த்’ சேருங்கள், அல்லது ஆண்டுக்கு 60 சதவீதம் என்று மாற்றிச் சொல்லுங்கள். கட்டாத வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 79.6 சதவீதம் ஆகிவிடும். இரண்டில் எந்தக் கணக்கு என்பதையும் அதே வாக்கியத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.