மறு: மறு: ‘புஷ்மீட்’ – தமிழில்?

செல்வி:
> காங்கோ படுகைப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘புஷ்மீட்’ (ஆப்பிரிக்காவில் உணவுக்காகப் பிடிக்கும் காட்டு விலங்குகளின் இறைச்சி) என்பதைப் ‘புதர் இறைச்சி’ என்று போட்டிருக்கிறார்கள். மாணவர்கள் சிரிப்பார்கள். அவசரம்.

‘வேட்டைக்கறி’ போதுமே. எல்லாருக்கும் புரியும்.
– முருகேசன்

ஐயா, அங்கே நிறைய உயிர்கள் கண்ணியில்தான் சிக்குகின்றன. சைக்கிள் பிரேக் கம்பியைச் சுருக்காக்கி, வளைத்த இளமரத்தில் கட்டி, விலங்குத் தடத்தில் இலைச்சருகால் மூடி வைப்பார்கள். நீல டைக்கர் (ஐந்து கிலோ தேறும் குட்டி மானினம்), முள்ளம்பன்றி எல்லாம் இப்படித்தான் மாட்டும். நாலு நாள் போய்ப் பார்க்காவிட்டால் அந்தப் புழுக்கத்தில் அழுகிவிடும். கம்பியை அறுத்துக்கொண்டு ஓடியது காலில் சீழ் வைத்துச் சாகும். இது வேட்டையா? ‘கறி’யும் ஆகாது, யாழ்ப்பாணத்தில் கத்தரிக்காயும் கறிதான். கான் (காடு) + இறைச்சி = கானிறைச்சி. குறிஞ்சிக் கானவர் (மலைவேடர்) நினைவும் வரும்.
– பரிதி

‘இறைச்சி’ தொல்காப்பியத்தில் அகப்பாட்டின் குறிப்புப்பொருள். அதை ஏன் கசாப்புக்கடையில் தொங்கவிட வேண்டும்? அந்தப் பொருளுக்கு ஊன், புலவு, விடக்கு இருக்கின்றன. கானூன்!
– புலவர் நெடுமாறன்

கானூனா? இந்தியில் அது சட்டம். சட்டப் புத்தகம் என்று நினைப்பார்கள்.
– ஜெசிந்தா

கானா நாட்டுச் சந்தையில் அதிகம் விற்பது கரும்பெலி (‘கிராஸ்கட்டர்’ எனும் பெரிய கொறிவிலங்கு). அது காட்டில் இல்லை, புல்வெளியிலும் வயலோரத்திலும் திரிவது. ‘கான்’ அதை விட்டுவிடுகிறதே? அதோடு, சந்தைக்குத் தொலைவிலிருந்து வருவது பெரும்பாலும் பச்சை இறைச்சி அல்ல. மயிரைத் தீயில் பொசுக்கிச் சுரண்டி, குடலை எடுத்து, விரித்துப் பிளந்து, குச்சிப் பரணில் புகை போட்டது. தீ ஏறினால் வெளியே கரியும், உள்ளே ஈரம் நிற்கும். அங்கே பூசணம் பிடிக்கும். நம் உப்புக்கண்டம் போல இதைப் ‘புகைக்கண்டம்’ எனலாம்.
– அமலன்

புகைக்கண்டம் அருமை, ஆனால் அது தனிச்சொல். செல்விக்கு ஒரு வேண்டுகோள்: சொல் எதுவானாலும், ‘உண்பதால் எபோலா’ என்று எழுதவேண்டாம். 1996-இல் காபோன் நாட்டின் மயிபூ ஊரில் செத்துக்கிடந்த சிம்பன்சியை அறுத்தவர்களுக்குத்தான் அங்கே முதலில் நோய் வந்தது. 21 பேர் இறந்தார்கள். நன்கு வெந்தால் கிருமி சாகும். கையில் கீறலோடு பச்சை ரத்தத்தைத் தொடுவதே ஆபத்து.
– ஜெசிந்தா

நன்றி, அந்த வரியைத் திருத்துகிறேன். ‘வனவிலங்கு இறைச்சி’ போடலாமா?
– செல்வி

நம் ஊரில் அது வழக்குப் பதிவு வாசனை அடிக்கும். காபோனில் பாதுகாக்கப்படாத விலங்கைக் குடும்பத்துக்காகப் பிடிப்பது வழக்காற்று உரிமை.
– பரிதி

சரி, ‘காட்டிறைச்சி’. நால்வர் சம்மதம். கரும்பெலிக்கு அடிக்குறிப்பு போட்டுவிடுகிறேன்.
– செல்வி

என் வாக்கு கானூனுக்கே. பதிவில் இருக்கட்டும்.
– நெடுமாறன்