நடுநிலை அணுக்கற்றை: எத்தனை அணு வருகிறது, கூடவே என்ன வருகிறது?

மின்னூட்டமில்லாத அணுக்களை அளக்கும் விண்வெளிக் கருவியைச் சோதிக்க, ஆற்றலும் எண்ணிக்கையும் தெரிந்த அணுக்கற்றை வேண்டும். அதை உண்டாக்கும் மூன்று வழிகளும் எண்ணும் கருவியும் இங்கே பேசுகின்றன.

வாயுஅறை:
நடுநிலை அணுவை மின்புலம் அசைக்காது. அதனால் அயனியாக இருக்கும்போதே முடுக்கி, நிறை பிரித்து, கடைசியில்தான் மின்னூட்டத்தைப் பறிக்க வேண்டும். 5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானுக்கு ஹைட்ரஜன் நிரப்பிய 10 செ.மீ. அறை போதும். அழுத்தம் 10⁻³ மில்லிபார், அதாவது கன செ.மீ.க்கு 2.4 × 10¹³ மூலக்கூறு. குறுக்குவெட்டு (மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பெறும் வாய்ப்பின் அளவு) சுமார் 8 × 10⁻¹⁶ ச.செ.மீ. ஆகவே ஆறில் ஒரு பங்கு நடுநிலையாகும். ஆசைப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் சிதறல் கூடிக் கற்றை அகன்றுவிடும். 2 மி.மீ. துளை ஒவ்வொன்றும் நொடிக்கு 1.4 லிட்டர் ஹைட்ரஜனைக் கசியவிடும்; அதை இழுக்க ஹைட்ரஜனுக்கு நொடிக்கு 300 லிட்டர் வேகமுள்ள டர்போ பம்ப் (வெற்றிடப் பம்ப்) இருந்தால் சுற்றியுள்ள அறை 10⁻⁵ மில்லிபாருக்குள் நிற்கும். மிஞ்சிய அயனிகளை மின்னழுத்தம் கொடுத்த தகட்டு ஜோடியால் ஒதுக்குங்கள்.

நிறை பிரிக்காமல் விட்டால் H₂⁺ (ஹைட்ரஜன் மூலக்கூறு அயனி) உடைந்து பாதி ஆற்றலில் ஹைட்ரஜன் அணுக்கள் வரும். ஆற்றல் நிறமாலையில் இரண்டாவது முகடு தெரிந்தால் கருவியைத் திட்டாதீர்கள், அயனி மூலத்தைப் பாருங்கள்.

டங்ஸ்டன்:
சார், சில நூறு எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அந்தக் குறுக்குவெட்டு சரிந்துவிடும். அங்கே பரப்புதான் வழி. பெர்ன் பல்கலைக்கழகத்தின் அளவீட்டு நிலையமான மெஃபிஸ்டோவில் அயனிகள் டங்ஸ்டன் பரப்பில் சாய்வாக மோதி நடுநிலையாகின்றன. 2008இல் ஏவிய நாசா விண்கலமான ஐபெக்ஸின் ‘லோ’ கருவி அங்கேதான் அளவீடு செய்யப்பட்டது. விலை என்னவென்றால், மோதலில் ஆற்றலில் சுமார் 15% போய்விடும். முடுக்க வோல்ட்டேஜை அப்படியே அணுவின் ஆற்றலாக எழுதினால் அட்டவணை முழுக்கத் தப்பு.

லேசர்:
ஆற்றல் மாறக்கூடாது என்றால் எதிர்மின் அயனியிலிருந்து லேசரால் எலக்ட்ரானைக் கழற்றலாம். 1064 நானோமீட்டர் (1.17 எ.வோ.) H⁻க்குப் போதும், அதில் கூடுதல் எலக்ட்ரானின் பிணைப்பு 0.75 எ.வோ.தான். O⁻க்கு 1.46 எ.வோ. வேண்டும், 532 நானோமீட்டருக்கு மாறுங்கள்.

எண்ணி:
எல்லாம் சரி, மின்னூட்டத்தை அளக்கும் ஃபாரடே கோப்பை நடுநிலை அணுவை எண்ணாதே! ஒரு பரப்பில் மோதவிடுங்கள்: தெறிக்கும் எலக்ட்ரான் ‘தொடக்கம்’, சிதறிய அணு ‘முடிவு’. நொடிக்குத் தொடக்கம் 4000, முடிவு 2000, இரண்டும் சேர்ந்தது 400 என்றால் கற்றையில் 4000 × 2000 ÷ 400 = 20,000 அணுக்கள். இரண்டு உணரிகளின் கண்டறியும் திறன் மதிப்புகள் சமன்பாட்டிலேயே அடிபட்டுப் போகும். பின்னணியை முதலில் கழிக்க வேண்டும். மூலத்தின் புறஊதா ஒளியும் எலக்ட்ரானைத் தெறிக்கவைக்கும், தகடு அதைத் தடுக்காது. மூலத்தை எரியவிட்டு, அயனிகளை மட்டும் முன்னாலேயே திருப்பி எடுக்கும் எண்ணிக்கைதான் அந்தப் பின்னணி. மூலத்தையே அணைத்து எடுத்தால் ஒளியின் பங்கு கணக்கில் வராது.