ஏற்றத்துக்கு இறக்கம் உண்டு, கச்சானுக்கு இல்லை

உவர்மலையிலிருந்து:

திருகோணமலையைச் சுற்றிச் சைக்கிளில் போக மலைப்பாதை ஏதும் உண்டா என்று கொழும்பு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஆனால் நுவரெலியாவை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்து போவார். இங்கே மலை என்பது பற்றைக்காட்டுக்கு நடுவே குந்தியிருக்கும் பாறை. ரோட்டு அதன் தலையில் ஏறாது, இடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கொஞ்சம் ஏறுவோம், கொஞ்சம் இறங்குவோம், அவ்வளவுதான். ஆளை உடைப்பது காற்று.

வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் தொடங்கிவிடும். காய்ந்த, சூடான காற்று. காலை ஐந்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருக்கும், ஒன்பதுக்குச் சோம்பல் முறிக்கும், பதினொன்றுக்கு மேல் வயலையும் பனையையும் போட்டு உலுப்பும். ஆகவே எங்கள் கூட்டத்துக்கு ஒரே விதி: விடியலில் மேற்கே போ, வெயில் ஏறக் கிழக்கே திரும்பு. திரும்பும்போது காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும்.

கால் பழக்குவதற்குக் கோட்டையைவிட நல்ல இடம் இல்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் கோணேசர் கோயில் வரை ஒரே ஏற்றம். தூரம் குறைவு, ஆனால் கடைசித் திருப்பத்தில் மூச்சு வாய்க்கு வந்துவிடும். போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கட்டிய கோட்டை இது. பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் என்று கைமாறியது. இப்போது உள்ளே உரிமையோடு உலாவுவது மான்கள்தான். ஒருநாள் மூச்சு வாங்கச் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றேன். ஒரு புள்ளிமான் சாவகாசமாக வந்து, ஹாண்டிலில் தொங்கிய பையைக் கிழித்து இரண்டு வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போல என்னைப் பார்த்தது.

மேற்கே போவதென்றால் முதல் பாதை கன்னியா. அனுராதபுரம் ரோட்டில் எட்டு கிலோமீட்டர் அளவில் வந்துவிடும். சதுரமாகக் கட்டிய ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் வாளால் குத்தி எடுத்த ஊற்று என்பது ஊர்க்கதை. இன்றும் இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்த ஒரு பெரியவர், எங்கள் கியர் சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, கரியர் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, பெல்லும் இல்லை. பிறகு என்னத்துக்கு இதுக்கு இவ்வளவு காசு?" மூன்று பேரில் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தக் காலத்தில் மனைவியைக் கரியரில் இருத்தித் தம்பலகாமத்திலிருந்து கோணேசர் தேருக்கு மிதித்து வந்ததைச் சொன்னார். அந்த மனைவிக்குத்தான் அன்று கிரியை என்பது பெரியவர் எழுந்து போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இனி நான் விதியை மீறிய கதை. போன வருடம் ஆடி மாதம், மூதூர் போகலாம் என்று ஆசை. சீனக்குடா, கிண்ணியாப் பாலம், உப்பாறு, கங்கைப் பாலம் என்று காலையில் போனது சுகமோ சுகம். கொட்டியாரக் குடாவைப் பாதி சுற்றி வருகிற பாதை அது. மகாவலி கடலில் கலக்கிற இடத்தில் வெளியெல்லாம் தண்ணீரும் கொக்கும்தான். பிழை எங்கே என்றால், மூதூர் இருப்பது கிழக்கே. திரும்பும்போது கிண்ணியா வரை கச்சானின் வாய்க்குள்ளேயே போகவேண்டும். பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். கீழ்க் கியரில் போட்டு மிதித்தும் நடந்து போகிற ஆள் எங்களை முந்துவார் போலிருந்தது.

அது போதாதென்று, கண்ணாடித் துண்டோ என்னவோ, பின் ரயரின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டு. மேலதிக ரியூப் கையில் இருந்தது. மாட்டிக் காற்றடித்தால் வெட்டு வழியே ரியூப் குமிழ் போலப் புடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தள்ளிக்கொண்டு நடந்து ஒரு வேப்பமரத்துச் சைக்கிள் கடையைக் கண்டுபிடித்தோம். கடைக்காரர் வெட்டை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பழைய சைக்கிள் ரயர் ஒன்றில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கி, ரயருக்கும் ரியூபுக்கும் நடுவில் வைத்தார். "காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடிச்சிருக்கன், வீடு போய்ச் சேரும்" என்றார். வீடு போய்ச் சேர்ந்தது மட்டுமல்ல, அதற்குப் பிறகும் மூன்று வாரம் அந்த ரயரில்தான் ஓடினேன். எவ்வளவு கேட்டும் காசு வாங்கவில்லை. பக்கத்துக் கடையில் எங்களுக்குத் தேத்தண்ணி வேறு சொல்லிவிட்டார்.

அந்த மூதூர்ப் பக்கத்தில்தான் 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமியைத் தகப்பனோடு சேர்த்துக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். அதன் நினைவாக வெள்ளைமனிதன் மரம் என்று ஓர் இடம் இன்றும் இருக்கிறது. அந்த மனிதன் தப்பி வெளியேற பத்தொன்பது வருடம் பிடித்தது. எங்களை மூதூர் இரண்டு மணித்தியாலத்தில் விட்டுவிட்டது.

கிண்ணியாவிலிருந்து:

கச்சானைப் பற்றி எழுதியது சரிதான். ஆனால் எங்கள் கிண்ணியாப் பாலத்தை ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். 396 மீற்றர் நீளம், 2009இல் திறந்தார்கள். அதற்கு முன் பாதையில்தான் கடப்போம். பாதை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரோட்டு என்றுதான் விளங்கும். எங்களுக்கு அது வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கடக்கிற மிதவை. டவுனுக்குப் போக வாப்பா சைக்கிளைப் பாதையில் ஏற்றி நிறுத்திவிட்டு, பிரேக் பிடித்தபடியே அக்கரை வரை நிற்பாராம். இப்போது பாலத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது நானும் அதே பிடிதான் பிடிக்கிறேன். லொறி முந்தும்போது காற்று ஒரு கணம் நின்று, பிறகு திடீரென்று அறையும். அந்த இடத்தில் கவனம்.

கந்தளாய்க்கும் ஒருதரம் போய்ப் பாருங்கள், டவுனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவு. குளக்கட்டில் நின்றால் ஒரு பக்கம் கண் எட்டும்வரை தண்ணீர், மறுபக்கம் தாழ்வில் வயல். 1986 சித்திரையில் இந்தக் கட்டு உடைந்தபோது அந்தத் தாழ்வெல்லாம் வெள்ளம். அதைத் தெரிந்துகொண்டு நின்றால் கால் கொஞ்சம் கூசும்.

ஆனால் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் பின்னேரத்தில் போகாதீர்கள். நான் போனேன். ஐந்தரை மணி இருக்கும். எதிரே வந்த ஓட்டோக்காரர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு என்னை நிறுத்தினார். "திருப்புங்க, வளைவில தனியன் நிக்குது" என்றார். தனியன் என்றால் கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆண் யானை. எனக்கு யானை தெரியவில்லை, கிளை முறிகிற சத்தம்தான் கேட்டது. அது போதும். ஓட்டோவின் பின் சீற்றில் நான், என் மடியில் முன் சில்லு, வெளியே பாதிச் சைக்கிள் என்று கந்தளாய் வந்து சேர்ந்தேன்.

நிலாவெளியிலிருந்து:

நான் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போகிறவள். லீவு நாளில் அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு வடக்கே போவேன். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லாத ரோட்டு. இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி, அப்புறம் திரியாய். அங்கேதான் மலை. சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு நடந்து ஏறவேண்டும். மேலே கல்தூண்கள் சுற்றி நிற்கும் பழைய பௌத்த தாதுகோபம், பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு. எழுத்து எங்கள் பல்லவக் கிரந்தம் போல இருக்கும் என்று மருமகனுக்கு விளக்கப் போய், அவன் அதற்குள் குரங்கைத் துரத்திக்கொண்டு போய்விட்டான்.

வழியில் எனக்கு யானையும் வரவில்லை, ரயரும் வெடிக்கவில்லை. வருவதெல்லாம் கேள்விதான். குச்சவெளி வருவதற்குள் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மீன் லொறி, பழைய மாணவன் ஒருவனின் டிராக்டர் எல்லாம் நின்று ஒரே கேள்வி: "என்ன டீச்சர், பஸ் வரல்லையா?" ஆசைக்குத்தான் மிதிக்கிறேன் என்றால் நம்புகிறார்கள் இல்லை. டிராக்டர்க்காரப் பிள்ளை சைக்கிளைப் பெட்டியில் தூக்கி ஏற்றியே விட்டான். இறக்கி எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உவர்மலையிலிருந்து:

டீச்சரின் கதையைப் படித்துவிட்டுத்தான் ஞாபகம் வந்தது, கன்னியாப் பெரியவருக்குக் கடைசியில் பதில் சொல்லிவிட்டேன். போன மாதம் சைக்கிளுக்குக் கரியர் போட்டாயிற்று. கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். முதல் சுமை, கன்னியா ரோட்டோரம் வாங்கிய இரண்டு கிலோ பாலைப்பழம். கச்சான் தள்ளிய வேகத்தில் அன்புவழிபுரம் வருவதற்குள் பாதி நசிந்து, பால் வடிந்து, பை கரியரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தும் இன்னும் முழுதாக விடவில்லை.