"இதைவிடப் பெரிய நாடு உண்டா?" என்று உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

போன வருடம் ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, பக்கத்து வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை இன்னும் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்டாலாவது இறங்குமா என்று பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒஹாயோவில், கொலம்பஸுக்குக் கொஞ்சம் வெளியே. வந்து 17 வருடம், குடியுரிமை வாங்கி 2 வருடம். பக்கத்து வீட்டுக்காரர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். வாசலில் ஆண்டு முழுக்கக் கொடி பறக்கும், பனி கொட்டினாலும் அதைத் தட்டிவிட்டுத்தான் காபி குடிப்பார். அன்று அவர் வீட்டுத் தோட்டத்தில் பார்பிக்யூ. அவருடைய மருமகன் பீர் பாட்டிலும் கையுமாக, உலக வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய, மகத்தான நாடு இருந்ததில்லை என்று ஆரம்பித்தார். பெரியவர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்னோடு வந்த பையன்கள் எதற்காகச் செத்தார்கள் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, பெரிய நாடாம் பெரிய நாடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ அவர் தோளைத் தட்டினார்கள். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகன் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு, நீ வேறு நாட்டையும் பார்த்தவன், இதுதானே பெரிய நாடு?" என்றார். நானும் நல்ல மூடில் இருந்தேன். "நிறைய விஷயத்தில் ஆமாம், ஆனால் நெஞ்சு வலிக்கிறபோதும் ஆம்புலன்ஸ் கூப்பிடலாமா, டாக்ஸியில் போய்விடலாமா என்று மனுஷன் கணக்குப் போட வேண்டியிருக்கிறதே, அதில் மட்டும் இல்லை" என்றேன். பெரியவர் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு காரம்கூட இல்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. மருமகன் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "அப்புறம் ஏன் இங்கே வந்தாய்?"

பெரியவர் சொன்னால் மனக்குறை, நான் சொன்னால் நன்றிகெட்டத்தனம். அன்று வீட்டுக்கு வந்து எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான்.

அதன்பிறகு இந்த ஊர் அரசியல்வாதிகள் பேசுவதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 'மறுபடியும் பெரிய நாடாக்குவோம்' என்பது ட்ரம்ப் கண்டுபிடித்ததல்ல, 1980-லேயே ரீகன் தேர்தலுக்குப் பயன்படுத்திய வாசகம். 'மறுபடியும்' என்றாலே இப்போது இல்லை என்றுதானே பொருள்? 2017-ல் பதவியேற்ற அன்றே ட்ரம்ப் நாடு சூறையாடப்பட்டுக் கிடக்கிறது என்கிற மாதிரிதான் பேசினார். அடுத்த மாதம் ஒரு டிவி பேட்டியில், பேட்டி எடுத்தவர் புதினைக் கொலைகாரர் என்று சொன்னதற்கு, நம் நாடு மட்டும் என்ன அவ்வளவு அப்பாவியா என்று திருப்பிக் கேட்டார். அவருடைய தேசபக்தியை அவர் ஆட்கள் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் 2008-ல் மிஷேல் ஒபாமா, வயது வந்ததிலிருந்து முதல்முறையாக என் நாட்டை நினைத்து உண்மையிலேயே பெருமைப்படுகிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், அந்தத் தேர்தல் முடியும்வரை அதை வைத்தே அடித்தார்கள். அவர் கணவர் சட்டையில் கொடி பின் குத்தவில்லை என்று 2007-ல் தனிப் பஞ்சாயத்து. 2018-ல் நியூயார்க் கவர்னராக இருந்த ஆண்ட்ரூ குவோமோ, இந்த நாடு ஒருபோதும் அவ்வளவு பெரியதாக இருந்ததில்லை என்று வாய்விட்டுவிட்டு, அப்புறம் அதை விழுங்கப் பட்ட பாடு வேறு கதை.

சரி, என் கதை போதும். உங்களுக்கு நடந்தது?

டாலஸ், டெக்சஸிலிருந்து:

அண்ணா, எனக்கு நடந்தது வீட்டுக்குள்ளேயே. என் பையன் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளியிலிருந்து மின்னஞ்சல், உங்கள் பிள்ளை கொடி உறுதிமொழிக்கு எழுந்து நிற்க மறுக்கிறான் என்று. இங்கே டெக்சஸில் அமெரிக்கக் கொடிக்கு ஒன்று, டெக்சஸ் கொடிக்கு ஒன்று என்று தினமும் இரண்டு உறுதிமொழி. வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும், சட்டமே அப்படித்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்களுக்கு அப்போது கிரீன் கார்டுகூட வரவில்லை, எச்1பி வேலை விசா நீட்டிப்பு வேறு நிலுவையில். "உனக்கு எதுக்குடா இந்த வேலை, எழுந்து நின்று வாயை அசைத்துவிட்டு உட்கார வேண்டியதுதானே" என்று கத்தினேன். அவன் நிதானமாக, "அம்மா, 'எல்லோருக்கும் நீதி' என்று கடைசி வரி வருகிறது, இல்லாததை எப்படிச் சொல்வது" என்கிறான். அவனுடைய வகுப்பில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியும் நிற்பதில்லையாம், அவள் வீட்டுக்கு எந்த மின்னஞ்சலும் போகவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடித்தேடிப் படித்தேன். இந்த உறுதிமொழியை 1892-ல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு சோஷலிஸ்ட் போதகர், அது யாருக்கும் ஞாபகமில்லை. 'கடவுளின் கீழ்' என்ற சொல்லை 1954-ல்தான் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் கையை முன்னால் நீட்டித்தான் சொல்வார்களாம், அது ஹிட்லர் வணக்கம் மாதிரி இருக்கிறதே என்று 1942-ல் நெஞ்சில் கை வைக்கும்படி மாற்றினார்கள். பழைய படங்களைப் பாருங்கள், வகுப்பு முழுக்கக் குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்பது திக்கென்றிருக்கும். முக்கியமான விஷயம், யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் போட்ட வழக்கில் 1940-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று கட்டாயப்படுத்தலாம் என்றது, மூன்றே வருடத்தில், 1943-ல், உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அதே நீதிமன்றம் கூடாது என்று திருப்பிச் சொன்னது. தீர்ப்பு வந்தது ஜூன் 14, இவர்களுடைய கொடி நாளன்று!

நம் ஊரிலும் இதே வழக்கு வந்திருக்கிறது. 1985-ல் கேரளாவில் அதே யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். அடுத்த வருடம் நம் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

இவ்வளவும் படித்துவிட்டு, மறுநாள் காலை பையனிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கிரீன் கார்டு வரும்வரை நில்லு." நின்றான். என் மேல் அவனுக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

எடிசன், நியூஜெர்சியிலிருந்து:

தம்பி, நீங்களெல்லாம் 2001-க்கு அப்புறம் வந்தவர்கள். அந்த செப்டம்பரில் இரட்டைக் கோபுரம் விழுந்த பிறகு இங்கே கடைகளில் கொடி கிடைக்கவில்லை. நம் ஆட்கள் பெட்ரோல் பங்க், மோட்டல், மளிகைக் கடை என்று எல்லா இடத்திலும் கொடி மாட்டினார்கள், நான் காரில் ஒன்றுக்கு இரண்டாக மாட்டினேன். துக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை, என்னோடு ரயிலில் போய்வந்த ஒருவர் அன்று திரும்பி வரவில்லை. ஆனால் கொடி மாட்டியது துக்கத்தால் மட்டும் இல்லை. திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிற மாதிரி கட்டினோம்.

15-ம் தேதி அரிசோனா மாநிலம் மேசாவில் பல்பீர் சிங் சோதியை அவருடைய பெட்ரோல் பங்க் வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். தாடியும் தலைப்பாகையும்தான் காரணம். சுட்டவன் பிடிபட்டபோது கத்தியது, "நான் தேசபக்தன்" என்று. அந்தச் சொல்லை அதற்கப்புறம் யார் சொன்னாலும் எனக்கு ஒரு கணம் காது அடைத்துத் திறக்கும். 2017-ல் கான்சாஸில் அந்தத் தெலுங்குப் பையன் ஸ்ரீநிவாஸ் கூச்சிபோட்லாவைச் சுட்டவன் "என் நாட்டை விட்டுப் போ" என்றான். அந்த இடத்திலேயே குறுக்கே விழுந்து குண்டு வாங்கியவரும் ஒரு வெள்ளைக்கார அமெரிக்கர்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் மறுபக்கம் சொல்லிவிடுகிறேன், திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

நான் 2019-ல் உறுதிமொழி எடுத்தேன். அப்போது 100 கேள்வி படித்து, 10 கேட்டு, 6 சரியாகச் சொன்னால் போதும், பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி மனைவி என்னை உட்காரவைத்துக் கேட்டாள். அந்த உறுதிமொழியில் வேற்று நாட்டு ராஜா, சிற்றரசன் எவருக்கும் இனி விசுவாசமாக இருக்கமாட்டேன் என்று வரும். நான் புதுக்கோட்டைக்காரன். எங்கள் ராஜா 1948-லேயே சமஸ்தானத்தை ஒப்படைத்துவிட்டார், அதனால் எனக்கு அதில் சிரமமில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் சின்னக் கொடியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு நாட்டின் பெயராகச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார்கள் பாருங்கள், ஹெய்ட்டி, வியட்நாம், நைஜீரியா, இந்தியா என்று, அப்போது அழுதுவிட்டேன். ரீகன் 1989-ல் பதவியை விட்டு இறங்குமுன் சொன்னது இதைத்தான்: பிரான்ஸில் போய் வாழலாம், பிரெஞ்சுக்காரன் ஆக முடியாது, ஆனால் எவரும் இங்கே வந்து அமெரிக்கன் ஆகலாம். வேறு எந்த நாடு நம்மை இப்படிக் கூப்பிட்டது?

சார், விருந்துக்குப் போன இடத்தில் குழம்பில் உப்பில்லை என்று சொல்வது நம் வழக்கமா? மருமகன் கேட்டது எனக்குத் தப்பாகப் படவில்லை.

மறுபடி டாலஸ்:

விருந்தாளி ஏன் ஆக்குகிறீர்கள்? சீதனம் மாதிரி பாஸ்போர்ட்டைக்கூட ஒப்படைத்துவிட்டு வந்தோமே, மருமகள் என்று சொல்லுங்கள். இருபது வருடம் அதே அடுப்பில் சமைத்தாலும், வாய் திறந்தால் "உங்கள் வீட்டில் எப்படியோ" என்பார்கள். பெண்களைக் கேளுங்கள், இதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

சிகாகோவிலிருந்து:

கிறிஸ்தவன் என்பதால் ஒன்று மட்டும். ரீகன் அமெரிக்காவை 'மலைமேல் ஒளிரும் நகரம்' என்பாரே, அது மத்தேயு சுவிசேஷத்திலிருந்து வந்தது, 'மலையின்மேல் இருக்கிற பட்டணம் மறைந்திருக்கமாட்டாது' என்று பாளையங்கோட்டையில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். 1630-ல் இங்கே குடியேற வந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் தலைவர் ஜான் வின்த்ராப் அதைச் சொன்னது பெருமைக்காக இல்லை. எல்லோர் கண்ணும் நம்மேல் இருக்கிறது, தவறினால் உலகம் முழுக்க நம்மைப் பழிச்சொல்லாக்கிவிடும் என்று எச்சரித்தார். 'ஒளிரும்' என்பது ரீகன் சேர்த்துக்கொண்டது. என் சபையில் ஒருவரிடம் இதைச் சொன்னேன், "நீ எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

மறுபடி கொலம்பஸ்:

அட்லாண்டா சார், திட்டவெல்லாம் மாட்டேன், என் உறுதிமொழி அன்று என் கண்ணும் கலங்கியது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் ரீகன் கட்சியிலேயே இப்போது அந்தப் பேச்சு மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலையில் மில்வாக்கி மாநாட்டில் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஜே.டி. வான்ஸ், அமெரிக்கா வெறும் கருத்து அல்ல, ஒரு மக்கள் கூட்டம் என்று பேசி, கென்டக்கி மலையில் தன் குடும்பத்துக் கல்லறையைக் காட்டி ஏழு தலைமுறை கணக்குச் சொன்னார். எனக்கு அது புரியாமல் இல்லை, பாட்டன் பூட்டனைப் புதைத்த மண் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா, குலதெய்வம் கும்பிடுகிறவர்கள்தானே நாம். அவர் மனைவியின் பெற்றோரே ஆந்திராவிலிருந்து வந்தவர்கள். ஆனால் கல்லறைதான் கணக்கு என்றால் எனக்கும் உங்களுக்கும் இங்கே ஒரு பிடி மண்கூட இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் சிகாகோவில் எதிர்க்கட்சி மாநாட்டில் நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ், அமெரிக்கனாக இருப்பதே உலகின் மிகப் பெரிய பாக்கியம் என்றார், அரங்கம் முழுக்க 'யூ.எஸ்.ஏ' கோஷம். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டேதான் பார்த்தேன்.

உப்பில்லை என்று சொல்வதற்கும் இங்கே முன்னோடி இருக்கிறார். கார்ல் ஷுர்ஸ் என்று ஒரு செனட்டர், ஜெர்மனியில் பிறந்து வந்தவர். 1872-ல் சபையில், சரியோ தவறோ என் நாடு என் நாடுதான், சரியாக இருந்தால் அப்படியே காப்பதற்கு, தவறினால் திருத்துவதற்கு என்றார். முதல் பாதியை எல்லோரும் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஜூன் 14 காலையில் பெரியவர் கதவைத் தட்டினார். வாசலில் பறந்த கொடி நைந்துவிட்டது, படைவீரர் மன்றத்தில் இன்று எரிக்கிறார்கள், முட்டி வலி, வண்டி ஓட்ட முடியவில்லை, கூட வருகிறாயா என்றார். கொடி கிழிந்தால் மரியாதையாக எரிக்க வேண்டும் என்றுதான் இவர்கள் கொடிச் சட்டமே சொல்கிறது. 1984-ல் டாலஸில் ஒருவர் கோபத்தில் எரித்ததற்கு ஒரு வருடம் சிறை என்று தீர்ப்பாகி, 1989-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அது அவர் உரிமை என்றது, அது வேறு. இங்கே ஒரு பீப்பாயில் நெருப்பு, நாற்பது ஐம்பது மடித்த கொடிகள், வயதானவர்கள் சல்யூட் அடித்து நின்றார்கள். நைலான் கருகும் நாற்றம் மூக்கைத் துளைத்தது. எங்கள் முறை வந்ததும் பெரியவர் குனிய முடியாமல் கொடியை என் கையில் கொடுத்தார், நான்தான் போட்டேன்.

வரும் வழியில் கேட்டார், "உங்கள் ஊரில் இதற்கெல்லாம் என்ன செய்வீர்கள்?"

"நாங்கள் ஆளையே எரிப்போம்" என்றேன். சிக்னலில் வண்டி நின்றும் அவர் சிரிப்பு நிற்கவில்லை.