போறணைச் சாம்பலும் காபனீரொட்சைட்டும்

யாழ்ப்பாணத்தில் பத்தாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தொழிற்சாலைச் சாம்பலால் காபனீரொட்சைட்டைப் பிடிக்கலாம் என்று எங்கோ கேள்விப்பட்ட பிள்ளைகள், "உண்மையோ ரீச்சர்?" என்று வந்து நின்றார்கள். சரி, செய்தே பார்ப்போம் என்றேன்.

ஒருத்தி பேக்கரிப் போறணையின் விறகுச் சாம்பல் கொண்டுவந்தாள். இன்னொருவன் அரிசி மில்லிலிருந்து உமிச் சாம்பல். கையுறை போட்டுச் சலித்து, பிடித்தால் பிடி நிற்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்தோம். வாயு முதலில் ஈரத்தில் கரைய வேண்டும். காய்ந்த சாம்பலில் வேலை நடக்காது. அப்பச்சோடாவும் வினாகிரியும் கலந்து எடுத்த வாயுவை மெல்லிய தண்ணீர்ப் போத்தல்களில் நிரப்பி, சாம்பலைப் போட்டு இறுக மூடிக் குலுக்கினோம்.

உமிச் சாம்பல் போத்தலில் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்றது கொஞ்ச நேரத்தில் நடுவில் ஒடுங்கத் தொடங்கியது. பிளாஸ்ரிக் சடசடத்து மடிந்தது. "ரீச்சர், போத்தல் உள்ளுக்கை இழுபடுது!" என்று வகுப்பே எழும்பி வந்துவிட்டது.

காரணம் கல்சியம். விறகுச் சாம்பலில் உள்ள சுண்ணாம்பு காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாகிறது, அதாவது சுண்ணக்கல். உமிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. அதற்கு வாயுவைப் பிடிக்கும் வலு இல்லை. ஆகவே "சாம்பல்" என்று பொதுவாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன், எந்தச் சாம்பல் என்று கேட்பேன். கல்சியம் குறைந்த நிலக்கரிச் சாம்பலைச் சீமெந்தில் கலப்பதுதான் அதிக பயன். உருக்காலைக் கசடு, குப்பை எரிக்கும் ஆலைகளில் புகையை வடிகட்டும்போது சேரும் புகைவடிச் சாம்பல் போன்றவைதான் வாயுவை நன்றாகப் பிடிப்பவை. இங்கிலாந்தின் சஃபோக்கில் 2012இல் தொடங்கிய ஆலை, அந்தப் புகைவடிச் சாம்பலுக்குக் காபனீரொட்சைட்டு ஊட்டிக் கட்டடக் கற்களுக்கான சல்லி செய்தது.

"அப்ப காங்கேசன்துறைக் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினால் என்ன?" என்று ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி. 100 கிலோ சுத்தமான சுண்ணக்கல்லைச் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அந்தச் சுண்ணாம்பு திரும்பப் பிடிப்பது மிஞ்சினால் அதே 44 கிலோதான். சூளைக்கு எரித்த விறகின் புகை வேறு. ஏற்கனவே கழிவாகக் கிடப்பதைப் பயன்படுத்தினால்தான் லாபம்.

எனக்குள்ள கவலை கிணறு. குப்பைச் சாம்பலில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கும். காபனீரொட்சைட்டு ஊட்டினால் காரத்தன்மை இறங்கி ஈயம் கசிவது குறைகிறது, அது உண்மை. ஆனால் நமக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் கிடக்கும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு மறக்கவில்லை. இப்படிச் செய்த கல்லை இங்கே யாராவது விற்க வந்தால், அதை ஊறவைத்த தண்ணீரின் பரிசோதனை அறிக்கையை முதலில் காட்டட்டும்.