வீட்டு வேலையில் கணக்குப் பழகினால் போதுமா?

இரண்டாம் வகுப்பு அம்மா:
கணக்கு நோட்டைக் கண்டாலே மகளுக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் கொஞ்ச நாளாக நோட்டை ஓரம் வைத்துவிட்டேன். படியேறும்போது இரண்டிரண்டாக எண்ணுகிறோம், துணி மடிக்கும்போது ஜோடி சேர்க்கிறோம், கிளம்ப இன்னும் எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். வாயால் டக்கென்று சொல்கிறாள். எழுதச் சொன்னால் பழைய கதைதான். இப்படியே தொடரலாமா, உட்காரவைத்துப் போடவைக்க வேண்டுமா?

பழைய வாத்தியார்:
உட்காரவையுங்கள் அம்மா. படியில் 2, 4, 6 என்று பாட்டு மாதிரி ஓடும் பிள்ளையை நிறுத்தி, 14-உடன் 2 கூட்டச் சொல்லுங்கள். பலர் விழிப்பார்கள். தவிர, 403-இலிருந்து 178-ஐக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு எந்த வீட்டு வேலையில் தானாக வரப்போகிறது? அதற்கு வரிசையாகப் பத்துக் கணக்கு போட்டுத்தான் ஆக வேண்டும்.

மனக்கணக்கு:
சார், பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற பிள்ளைகளை வைத்து தெரெசின்யா நூன்ஸ் குழுவினர் செய்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. 9 முதல் 15 வயது வரை 5 பேர். வாங்க வந்தவர் போலப் போய்க் கேட்டபோது 98 சதவீதம் சரியான விடை. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 தான்.

தேங்காய் ஒன்று 35, நான்கு எவ்வளவு? ஒரு பிள்ளை, "மூன்றுக்கு 105, அதோடு 30, 135... ஒன்று 35... 140" என்றது. தாளில் 35 × 4 கொடுத்தால் விடை 200! நாலஞ்சு இருபது, 2 மீதி. அந்த 2-ஐ 3-உடன் கூட்டி 5. மறுபடி நாலஞ்சு இருபது. பெருக்கிய பிறகு கூட்ட வேண்டிய மீதியை முன்னாலேயே கூட்டிவிட்டது.

பழைய வாத்தியார்:
நீங்கள் எனக்காகத்தான் வாதாடுகிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது பிழைப்பு. தப்பாகச் சொன்னால் கைக்காசு போகும். துணி மடிக்கும் குழந்தைக்கு என்ன நஷ்டம்? அதோடு, தெருவில் 140 சொன்ன பிள்ளை தாளில் 200 எழுதியதென்றால், வாய்க்கணக்கு தானாகத் தாளுக்கு வராது என்றுதானே அர்த்தம்?

மனக்கணக்கு:
தானாக வராது, சரி. கூட்டிவர வேண்டியது நாம். அதே ஆய்வில் கதையாகச் சொன்ன கணக்கும் கொடுத்தார்கள். அதில் 74 சதவீதம். எண்ணுக்குப் பின்னால் ஒரு பொருள் இருந்ததும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 105, 35 என்று உடைத்தது பாடநூல் சொல்லும் பங்கீட்டுப் பண்பேதான். அதைத் தாளில் 3 × 35, 1 × 35 என்று எழுதிக் காட்டினால் 200 எப்படி வரும்?

பகடை:
நடுவில் நுழைகிறேன். விளையாட்டு என்ற பெயரில் எதைச் செய்தாலும் பலன் வராது. ராமணியும் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி சேராத வயதுக் குழந்தைகள் 1 முதல் 10 வரை எண் எழுதிய நேர்வரிசைப் பலகையில் ஆடியபோது எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதில் நிறம் இருந்த பலகையில் கூடவில்லை. பாம்பு ஏணி ஆடும்போதும் 23-இல் காய் நின்று 3 விழுந்தால் "24, 25, 26" என்று சொல்லி நகர்த்த வேண்டும். நான் பார்த்த வீடுகளில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" தான்.

இரண்டாம் வகுப்பு அம்மா:
எங்கள் கடிகாரக் கணக்கில் நடப்பதும் அந்தத் தேங்காய்க் கணக்கு மாதிரிதான் போல. 4:40-இலிருந்து 5:15 வரை எவ்வளவு நேரம் என்றால், "அஞ்சுக்கு 20, அப்புறம் 15, மொத்தம் 35" என்கிறாள். தாளில் 515 − 440 என்று எழுதி 75 போடுகிறாள்.

பழைய வாத்தியார்:
மணியை நிமிடமாக மாற்றும்போது 60-க்குப் பதில் 100 எடுத்துவிட்டாள். சொல்லிக்கொடுக்காத குறை.

மனக்கணக்கு:
சொல்லிக்கொடுக்கும் முன், "75 நிமிஷம்னா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சே, அவ்வளவா இருக்கு?" என்று அவளையே கேளுங்கள் அம்மா. பிறகு ஒரு கோடு. 4:40, 5:00, 5:15 என்று மூன்று புள்ளி, இடையில் 20, 15. அவள் வாயால் சொன்னது அப்படியே தாளில் வந்துவிடும்.

சாரின் 403-க்கும் அதே கோடு போதும். 178-இலிருந்து 180-க்கு 2, 200-க்கு 20, 400-க்கு 200, 403-க்கு 3. மொத்தம் 225.

பழைய வாத்தியார்:
225 சரிதான். எண் பெரிதாகப் பெரிதாகத் தாவிக்கொண்டே இருப்பீர்களா? 7 × 8 கேட்டால் கோடு கிழிக்க நேரம் இருக்காது. தினம் பத்து நிமிடம் வாய்ப்பாடு. அதில் இறங்கி வரமாட்டேன்.

மனக்கணக்கு:
வாய்ப்பாட்டை யார் சார் வேண்டாம் என்றது? 200 எழுதிய பிள்ளைக்கு நாலஞ்சு இருபது தெரியாமலா இருந்தது?